கெடி லீயின் ஒரே தனி ஆல்பம் ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது?

கனத்தகம்பி எழுதியது:

ஒரு வாரமாக ‘மை ஃபேவரிட் ஹெட்ஏக்’ ஆல்பத்தை மட்டுமே கேட்டு வருகிறேன். ஏழு நாளில் ஒன்பது முறை. பத்தாவது முறை போடக் கை போகவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கனடாவின் ராக் குழுவான ரஷ்ஷின் பேஸ் கிதார் கலைஞரும் பாடகருமான கெடி லீ 2000 நவம்பரில் வெளியிட்டது. 11 பாடல்கள். கிதார், வயலின், பாட்டு உருவாக்கம் என எல்லாவற்றிலும் அவருக்குத் துணை நின்றவர் பென் மிங்க். டிரம்ஸ் பெரும்பாலும் மேட் கேமரன். ஸ்டுடியோவில் அவர் செய்த தனி ஆல்பம் இது ஒன்றுதான். ரஷ் ரசிகனுக்கு இதைவிடப் பெரிய எதிர்பார்ப்பு வேறென்ன இருக்க முடியும்?

தலைப்புப் பாடலின் தொடக்கத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேஸ் கிதார் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து வருகிறது. சுரங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடுகின்றன. இதோ, நான் காத்திருந்த மனிதர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு பல்லவி வருகிறது, சரணம் வருகிறது, மீண்டும் பல்லவி. இரண்டாம் பாட்டிலும் அதே அமைப்பு. மூன்றாம் பாட்டுக்கு வரும்போது பேஸ் கிதார் பின் வரிசைக்குப் போய்விட்டது. ஏழாம் பாட்டு ஓடும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எதையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை. ரஷ் கேட்கும்போது ஒருநாளும் இப்படி எழுந்து போனதில்லை.

இதில் பிழை என்று சுட்ட ஒன்றுமே இல்லை. நல்ல வாசிப்பு, நல்ல குரல், நல்ல பதிவு. எல்லாம் நன்றாக இருந்தும் மனத்தில் ஒட்டவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

மூன்றாம்நடை எழுதியது:

உங்கள் எதிர்பார்ப்பில்தான் கோளாறு என்று நினைக்கிறேன் நண்பரே. நீங்கள் ‘ஹெமிஸ்ஃபியர்ஸ்’ ஆல்பக் காலத்து ரஷ்ஷை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அது 1978. அதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 18 நிமிடம். 1981-இல் வந்த ‘தி கேமரா ஐ’ கிட்டத்தட்ட 11 நிமிடம். அதோடு அந்தக் காலம் முடிந்தது. 1982-இல் ‘சிக்னல்ஸ்’ வந்ததிலிருந்து 1996-இன் ‘டெஸ்ட் ஃபார் எக்கோ’ வரை ஏழு நிமிடத்தைத் தாண்டிய ரஷ் பாட்டு ஒன்றுகூட இல்லை. குழுவே விட்டுவிட்ட ஒன்றைத் தனியாளாக அவர் ஏன் செய்ய வேண்டும்?

பழையகேசட் எழுதியது:

நீளத்தைப் பற்றிய பேச்சு இல்லை இது. கனத்தகம்பி சொல்வது எனக்குப் புரிகிறது. 1970களின் கடைசியிலிருந்து இந்த இசையைக் கேட்டு வருகிறவன் என்ற முறையில் ஓர் ஒப்பீட்டை முன்வைக்கிறேன்.

பிரிட்டனின் யெஸ் ராக் குழுவில் பேஸ் வாசித்த கிறிஸ் ஸ்குவைர் 1975 நவம்பரில் ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’ வெளியிட்டார். அப்போது யெஸ் குழுவினர் ஐவரும் ஆளுக்கொரு தனி ஆல்பம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஐந்தில் இன்றும் நான் எடுத்துக் கேட்பது ஸ்குவைருடையதுதான். மொத்தம் ஐந்தே பாடல்கள். முதல் பாட்டு தேவாலய ஆர்கனோடு தொடங்குகிறது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் குழல் ஆர்கன் அது. வாசித்தவர் பேரி ரோஸ். ஸ்குவைர் சிறுவனாகத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியபோது அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரும் அதே பேரி ரோஸ்தான். ஆர்கெஸ்ட்ரா இசைக்குழு முழுவதற்கும் இசையை ஒழுங்கமைத்துத் தந்த ஆண்ட்ரூ பிரைஸ் ஜாக்மனும் அந்தப் பாடகர் குழுவில் கூடப் பாடிய பையன்.

அந்த ஆர்கனுக்கு அடியில் ஸ்குவைரின் ரிக்கன்பேக்கர் பேஸ் கிதார் நுழையும் இடத்தைக் கேளுங்கள். வழக்கமாக ஆர்கன் ஒலிக்கும் இடத்தில் பேஸ் கிதாருக்கு வேலையே இல்லை, ஆர்கனின் காலடிக் கட்டைகளே அடித்தளத்தை நிரப்பிவிடும். ஸ்குவைரோ மேலே ஏறி, கரகரத்த குரலில் ஆர்கனோடு சரிக்குச் சரி பேசுகிறார். அவருடைய பேஸ் எப்போதுமே தரையில் ஊர்வதில்லை, அது இரண்டாவது பாடகர். ‘லக்கி செவன்’ ஏழின் கணக்கில் போகிற பாட்டு. மிஸ்ர சாபு பழகிய காதுக்கு அது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று உடனே பிடிபடும். ஏழு என்று விரல் மடித்து எண்ணவே தோன்றாது. கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட 15 நிமிடம், ஒரே கருவை இசைக்குழுவும் பேஸும் மாற்றி மாற்றித் தூக்கிச் செல்கின்றன.

இந்த ஆல்பத்தை யெஸ் குழு செய்திருக்க முடியாது. ஸ்குவைர் ஒருவரால்தான் முடியும். கெடி லீயின் ஆல்பத்தைக் கேட்டு முடித்தபோது அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

வடக்குக்காற்று எழுதியது:

ஐயா, உங்கள் ஒப்பீட்டில் ஒரு முக்கியமான வேறுபாடு விடுபட்டிருக்கிறது. ஸ்குவைர் தனி ஆல்பம் செய்தது தன் குழு உச்சத்தில் இருந்தபோது. கெடி லீ செய்தது தன் குழு இருக்குமா இல்லையா என்றே தெரியாதபோது.

நான் இருப்பது டொராண்டோவில். இந்த ஊரில் ரஷ் என்பது ஊர்ப்பிள்ளைகளின் குழு. கெடி லீ இங்கே வில்லோடேலில் வளர்ந்தவர். விமான நிலையத்தின் குறியீட்டையே மோர்ஸ் தந்தித் தாளமாக்கி ஒரு பாட்டின் தொடக்கத்தில் வைத்தவர்கள் இவர்கள்.

1997 ஜூலை தொடக்கத்தில் ‘டெஸ்ட் ஃபார் எக்கோ’ சுற்றுப்பயணம் முடிந்தது. ஆகஸ்டில் ரஷ்ஷின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டின் 19 வயது மகள் சாலை விபத்தில் இறந்துபோனார். வீட்டின் ஒரே பிள்ளை. அடுத்த ஆண்டு ஜூனில் மனைவியும் புற்றுநோயால் போய்விட்டார். தன்னை ஓய்வுபெற்றவனாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பியர்ட் வட அமெரிக்கச் சாலைகளில் போய்க்கொண்டே இருந்தார். 88,000 கிலோமீட்டர். அந்த இடைவெளியில்தான் கெடி லீயும் பென் மிங்க்கும் உட்கார்ந்து பாட்டெழுதினார்கள். மிங்க் புதியவரும் இல்லை. 1982-இல் ரஷ்ஷின் ‘லூசிங் இட்’ பாட்டில் மின்வயலின் வாசித்தாரே, அவரேதான்.

கால் நூற்றாண்டு கூடவே வாசித்த நண்பன் துக்கத்தில் எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது, ஒருவர் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை இது. அதை ‘ஹெமிஸ்ஃபியர்ஸ்’ பக்கத்தில் வைத்து அளப்பது எனக்கு உறுத்துகிறது.

கனத்தகம்பி எழுதியது:

வடக்குக்காற்று, அந்தப் பின்னணி எனக்கும் தெரியும். அதை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் இரக்கத்தால் ஒரு பாட்டை நல்ல பாட்டாக்கிவிட முடியாது. அந்த இரக்கத்தைக் கெடி லீயே ஏற்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். பழையகேசட் ஐயா சொன்னதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஸ்குவைரின் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் யார்? பில் புரூஃபோர்ட். 1972-இல் யெஸ் குழுவை விட்டுப் போனவர். தனி ஆல்பம் என்று வந்ததும் ஸ்குவைர் தேடிப் போய்க் கூட்டிவந்தது தன் பழைய சண்டைத் தோழனை! கெடி லீக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நானும் பேஸ் வாசிக்கிறேன், தொழிலாக இல்லை. வடக்குக்காற்று சொன்ன அந்த விமான நிலையப் பாட்டை, ‘ஒய்ஒய்இசட்’ பாட்டை, பல மாதம் வைத்துப் பழகினேன். நடுவில் ஓரிடம் வரும். கிதார் விலகி நிற்க, பேஸ் ஒரு வீச்சு வீசும், உடனே டிரம்ஸ் ஒரு வீச்சு, மறுபடி பேஸ், மறுபடி டிரம்ஸ். பேஸ் பகுதியை மட்டும் தனியாக எடுத்து மெதுவாக வாசித்தால் அது வெறும் விரல் பயிற்சிபோல இருக்கிறது. பதிவை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால் ஒவ்வொரு வீச்சும் பியர்ட் அடித்ததற்குப் பதில் என்று தெரிகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்கிறார். பியர்ட் தாளம் போடுகிறவர் இல்லை, முன்கூட்டியே வாக்கியம் வாக்கியமாக எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறவர். அந்த வாக்கியங்களோடு வாதாடி வாதாடித்தான் கெடி லீயின் கை இப்படி வளர்ந்தது.

மேட் கேமரனைக் குறைத்துப் பேசவில்லை. சவுண்ட்கார்டன் குழுவில் ‘ஸ்பூன்மேன்’ பாட்டை ஏழின் கணக்கில் வாசித்து, வானொலியில் கேட்டவர்களுக்கு ஏழு என்றே தெரியாமல் செய்தவர் அவர். ஆனால் இந்த ஆல்பத்தில் அவர் பாட்டுக்குப் பணிந்து வாசிக்கிறார். இடம் கொடுக்கிறார். கெடி லீயிடம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் அந்தப் பேஸ் அடங்கி, எல்லோரும் வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. சாதாரணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒலிமேசை எழுதியது:

பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். டிரம்ஸ் மட்டும் காரணம் இல்லை, கிதாரும்தான்.

ரஷ்ஷின் கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் ஒரு சுரக்கொத்தைப் பிடிக்கும்போது மேல் இரண்டு கம்பிகளைத் திறந்தே விடுவார். அவை மணிபோல மேலே ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால் ஒலியின் நடுப்பகுதியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் பெரிய வெற்றிடம் கிடைக்கிறது. கெடி லீயின் பேஸ் உறுமுவது அந்த வெற்றிடத்தில்தான். மூன்றே பேர் வாசிக்கும் குழு ஏன் ஆறு பேர் வாசிப்பதுபோல ஒலிக்கிறது என்றால், யாரும் அடுத்தவர் இடத்தில் கால் வைப்பதில்லை.

பென் மிங்க் கற்பனை வளம் மிக்கவர். ஆனால் அவருடைய வழக்கம் அடுக்குவது. கிதார்மேல் கிதார், அதன்மேல் நார்க்கருவிகள், அதன்மேல் கெடி லீயின் குரலே மூன்று நான்கு அடுக்கு. அழகாகத்தான் இருக்கிறது. பேஸ் நிற்க வேண்டிய இடம் மட்டும் நிரம்பிவிட்டது. ‘வொர்க்கிங் அட் பெர்ஃபெக்ட்’ பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் நன்றாகவே நகர்கிறது. ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரஷ் பாட்டில் அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை, அதுவே வந்து நம் சட்டையைப் பிடிக்கும்.

மழைத்துளி எழுதியது:

எல்லோரும் பேஸைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் பாடகரும் அல்லவா? நான் பாடுகிறவள், எனக்கு இந்த ஆல்பத்தில் முதலில் கேட்டது குரல்தான்.

1975-இல் ‘ஃப்ளை பை நைட்’ வந்ததிலிருந்து ரஷ் பாடல்களின் வரிகளை ஏறக்குறைய முழுவதும் பியர்ட்தான் எழுதினார். 15 ஸ்டுடியோ ஆல்பங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் சிந்தித்ததை இன்னொருவர் தொண்டையால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பியர்ட்டின் வரிகளில் சொற்கள் நெருக்கியடித்து நிற்கும். கருத்துக்காக எழுதப்பட்டவை, வாய்க்காக எழுதப்பட்டவை அல்ல. கெடி லீ அவற்றைப் பாடும்போது ஒவ்வொரு சொல்லையும் மெல்லினம் வல்லினம் பார்த்து அந்த இடுக்கில் செருக வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடிதான் ரஷ் பாட்டின் படபடப்புக்குப் பாதிக் காரணம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இங்கே அவர் தனக்குத் தானே எழுதிக்கொண்டிருக்கிறார். உயிரெழுத்துகள் நீள்வதற்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார். ‘ஸ்லிப்பிங்’ பாட்டில் பியானோவோடு அவர் குரல் இறங்கும் இடத்தைக் கேளுங்கள். தவறுகிறேன், வழுக்குகிறேன் என்று சொல்லும் பாட்டு அது. கீச்சுக்குரல் என்று அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. மூச்சு முடியும் இடத்தில் வாக்கியமும் முடிகிறது. பாடகருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? ரஷ்ஷில் அவருக்கு அது கிடைத்ததே இல்லை.

கனத்தகம்பிக்குச் சாதாரணமாகப் படுவது எனக்கு நிம்மதியாகக் கேட்கிறது. ஒரே ஆல்பம்தான், காதுதான் வேறு.

மூன்றாம்நடை எழுதியது:

பேஸ் வாசிப்பவர்களின் தனி ஆல்பம் என்றால் மைக் ரதர்ஃபோர்டையும் சொல்ல வேண்டும். ஜெனிசிஸ் குழுவுக்காரர். 1980 தொடக்கத்தில் ‘ஸ்மால்க்ரீப்ஸ் டே’. ஸ்டாக்ஹோமில் ஆபா குழுவின் போலார் ஸ்டுடியோவில் பதிவானது. முதல் பக்கம் முழுவதும் 24 நிமிடத் தொடர் பாட்டு, அதற்கு அடிப்படையாக ஒரு நாவல், டிரம்ஸில் சைமன் ஃபிலிப்ஸ். புரோகிரசிவ் ராக் கேட்பவர் விரும்பும் எல்லாம் அதில் இருக்கிறது. கேட்டு முடித்தபின் என்ன மிஞ்சுகிறது? ஒழுங்கான, இனிமையான, நல்ல பிள்ளையான இசை. அதைவிட ‘மை ஃபேவரிட் ஹெட்ஏக்’ எனக்கு எத்தனையோ மேல். குறைந்தது முதல் பாட்டிலாவது ஒரு மனிதர் கோபப்படுகிறார்.

மறுபக்கம் லைஃப்சன். 1996-இல் ‘விக்டர்’ என்று ஒன்று செய்தார். முரட்டுத்தனமான, இருட்டான ஆல்பம். பல இடங்களில் கேட்கவே கடினம். ஆனால் சாதாரணம் என்று அதன் எதிரிகூடச் சொல்ல மாட்டான்.

பழையகேசட் எழுதியது:

ரதர்ஃபோர்டு பற்றிச் சொன்னது சரி. நீளமும் கதையும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மழைத்துளி சொன்னபின் நேற்று ‘ஸ்லிப்பிங்’ மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன் அம்மா. ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டாகக் கேட்டபோது என்னைத் தாண்டிப் போய்விட்டது. தனியாகக் கேட்டபோது நின்றது. வரிசையும் இந்த ஆல்பத்துக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. அவ்வளவு வேகமான பாட்டை முதலில் வைத்துவிட்டால், பின்னால் வரும் மெதுவான பாட்டெல்லாம் களைப்புபோல ஆகிவிடுகிறது.

வடக்குக்காற்று எழுதியது:

இதுவரை யாரும் கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. ‘கிரேஸ் டு கிரேஸ்’. நான் இந்த ஆல்பத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு அந்த ஒரு பாட்டுதான் காரணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

கெடி லீயின் பெற்றோர் போலந்து யூதர்கள். பதின்ம வயதில் ஸ்டாராகோவிச் ஊரின் நாஜி உழைப்பு முகாமில் சந்தித்தார்கள். பிறகு இருவரும் ஆஷ்விட்ஸ் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கிருந்து தாய் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு, தந்தை டாகாவ் முகாமுக்கு. போர் முடிந்ததும் தந்தை அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1946-இல் பெர்கன்-பெல்சனிலேயே, அகதிகள் முகாமாகிவிட்ட அதே இடத்தில், திருமணம். 1948-இல் கனடா. தந்தை 1965-இல் இறந்தார், அப்போது மகனுக்கு வயது 12. தாய் கடையை ஏற்று நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். கெடி என்ற பெயரே அந்தத் தாயின் வாயிலிருந்து வந்ததுதான். கேரி என்று வைத்த பெயர் அவருடைய போலந்து உச்சரிப்பில் கெடி ஆனது.

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை பெல்சனுக்குள் நுழைந்தபோது அந்தத் தாயால் நம்ப முடியவில்லையாம். வெளியே உலகம் என்று ஒன்று மிஞ்சியிருக்கும் என்ற நினைப்பே இல்லாமல் இருந்திருக்கிறார். வெளியே மனிதர்கள் இருந்தால் இதை எப்படி நடக்க விட்டிருப்பார்கள் என்பதுதான் அவர் எண்ணம். மகன் இதைப் பியர்ட்டிடம் சொன்னார். பியர்ட் எழுதினார். 1984-இல் ‘கிரேஸ் அண்டர் பிரஷர்’ ஆல்பத்தில் ‘ரெட் செக்டர் ஏ’ பாட்டாக வந்தது.

இப்போது பேஸ் வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ‘ரெட் செக்டர் ஏ’ பாட்டில் பேஸ் கிதாரே கிடையாது. கெடி லீ சின்தசைசர் மட்டும் வாசித்தார். தன் தாயின் கதை அது. ஆனால் வரிகள் நண்பனுடையவை, தன் கருவியும் கையில் இல்லை. 16 ஆண்டுகள் கழித்து, நண்பன் துக்கத்தில் வாய் திறக்க முடியாமல் இருந்த காலத்தில், அந்தத் தாயை நினைத்துக் கெடி லீ தானே வரி எழுதி, தானே பேஸை எடுத்து வாசித்த பாட்டு ‘கிரேஸ் டு கிரேஸ்’. இரண்டு இடத்திலும் ‘கிரேஸ்’ என்ற சொல் இருப்பதைக் கவனித்தீர்களா?

தாய் மேரி வைன்ரிப் 2021-இல் காலமானார், 95 வயது. அப்போது இந்தப் பாட்டைத்தான் போட்டுக் கேட்டேன்.

மழைத்துளி எழுதியது:

வடக்குக்காற்று அண்ணா, ‘ரெட் செக்டர் ஏ’ எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பேஸ் இல்லை என்று இன்றுவரை கவனித்ததில்லை. அந்தப் பாட்டின் அடியில் ஏதோ விட்டுப்போனதுபோல ஒரு நடுக்கம் இருக்கும். இப்போது மறுபடி கேட்டேன். கால் வைக்கத் தரை இல்லாத பாட்டு அது.

ஒலிமேசை எழுதியது:

அதில் சின்தசைசர் துடிப்பு ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கும். பேஸ் கிதாரை அதன்மேல் வைத்திருந்தால் அந்த இயந்திரத் துடிப்பு மனிதத் துடிப்பாக மாறியிருக்கும். முகாமைப் பற்றிய பாட்டுக்கு அது பொருந்தியிருக்காது. என் காதுக்கு அப்படித்தான் படுகிறது.

கனத்தகம்பி எழுதியது:

நேற்றிரவு வீட்டில் எல்லோரும் தூங்கியபின் ‘கிரேஸ் டு கிரேஸ்’ பாட்டை மட்டும் கேட்டேன். பத்தாவது முறை போட மாட்டேன் என்று எழுதியவன் இந்த ஒன்றை மட்டும் ஆறேழு முறை போட்டிருப்பேன்.

முந்தைய ஒன்பது முறையும் அந்தப் பாட்டை நான் ஒழுங்காகக் கேட்கவேயில்லை. ஆல்பத்தின் கடைசியில், ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்த மனத்தோடு கேட்டிருக்கிறேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். துக்கப் பாட்டாக இருக்கும் என்று நினைத்துப் போட்டால், அது துள்ளி நடக்கும் பாட்டு. அழுகை இல்லை. பேஸ் முன்னால் நிற்கிறது, முதல் பாட்டைப்போலப் பல்லைக் கடிக்கவில்லை, தோளை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. தாயைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் மெதுவான பியானோவைத் தேடிப் போகவில்லை. அதிலேயே அந்தத் தாய் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது. கணவர் போனபின் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மனுஷி.

ஸ்குவைரைப் பற்றிப் பழையகேசட் ஐயா எழுதியதும் இப்போது வேறு விதமாகத் தெரிகிறது. அவர் சிறுவயதுத் தேவாலயத்துக்குப் போய் ஆர்கனைக் கொண்டுவந்தார். கெடி லீக்கும் போக ஒரு வீடு இருந்திருக்கிறது. அவர் அங்கே போன பாட்டு ஒன்றுதான், அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிட்டார். மற்ற பாட்டுகளில் அந்த வீட்டு வாசல் வரைகூட வரவில்லை.

என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ‘ரன்அவே டிரெயின்’, ‘விண்டோ டு த வேர்ல்ட்’, ‘மூவிங் டு பொஹீமியா’ மூன்றும் எனக்கு இன்னும் யாரோ ஒரு நல்ல ராக் குழு செய்த பாட்டுகளாகத்தான் கேட்கின்றன. எதிர்த்து வாசிக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்பதிலும் மாற்றமில்லை. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ‘ஸ்லிப்பிங்’ பாட்டும் என்னிடம் தங்கும்.

மூன்றாம்நடை எழுதியது:

‘த ப்ரெசன்ட் டென்ஸ்’ பாட்டை விட்டுவிட்டீர்களே! அடங்கித் தொடங்கி மெல்ல மெல்ல நிறைகிற விதத்தை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்காக நான் இந்த இழையில் கடைசிவரை வாதாடுவேன்.

பழையகேசட் எழுதியது:

கனத்தகம்பி, ஆல்பத்தைக் கேட்ட கையோடு 2023-இல் வெளியான இரண்டு பாட்டுகளையும் கேளுங்கள். கெடி லீயின் தன்வரலாற்று நூல் வந்த சமயத்தில், இதே ஆல்பத்துக்காக அன்று எழுதி ஒதுக்கிவைத்திருந்த முன்வரைவுகளை அவர் வெளியிட்டார். ‘கான்’ என்று ஒன்று, ‘ஐ ஆம்... யூ ஆர்’ என்று ஒன்று. மெருகு ஏறாத பதிவுகள். ஒலிமேசை சொன்ன அடுக்குகள் குறைவு, அதனாலேயே எனக்கு அவை நெருக்கமாக இருந்தன. இந்த ஆல்பம் முழுவதும் இந்த அளவிலேயே நின்றிருந்தால் என்று ஏங்கவைத்தன.

வடக்குக்காற்று எழுதியது:

நானும் வழிமொழிகிறேன் ஐயா. 2002-இல் ரஷ் திரும்பி வந்து செய்த ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பத்தையும் அடுத்து வைத்துக் கேட்க வேண்டும். பியர்ட்டும் வந்துவிட்டார், விசைப்பலகைகளை அடியோடு ஒதுக்கிவிட்டார்கள், பேஸ் சில இடங்களில் கிதார்போலச் சுரக்கொத்துகளாகவே ஒலிக்கிறது. பதிவு இரைச்சலாகிப்போய் 2013-இல் மறுபடி கலந்து வெளியிட வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் தனியாக இருந்த அந்த மூன்று ஆண்டுகள் கெடி லீயின் கையில் எதையோ சேர்த்திருக்கின்றன. கனத்தகம்பி, எதிர்த்து வாசிக்க ஆள் திரும்பியதும் என்ன நடக்கிறது என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

கனத்தகம்பி எழுதியது:

இரண்டையும் இந்த வாரம் கேட்கிறேன், ‘த ப்ரெசன்ட் டென்ஸ்’ பாட்டையும் சேர்த்து. அதற்கு முன் ‘கிரேஸ் டு கிரேஸ்’ பேஸைக் கைக்குக் கொண்டுவர உட்கார்ந்திருக்கிறேன். முதல் சரணம் வந்துவிட்டது. கேட்க எளிதாகத் தெரிகிற பகுதிதான், ஆனால் சுரத்தை எங்கே சட்டென்று துண்டிக்கிறார், எங்கே நீட்டிப் பிடிக்கிறார் என்பதில் தவறினால் பாட்டின் நடையே மாறிவிடுகிறது. பல்லவிக்குள் நுழையும் திருப்பத்தில் என் விரல் ஒவ்வொரு முறையும் அரைத் தட்டு முந்திக்கொண்டு போகிறது. நாளை மறுபடி உட்காருவேன்.